துப்பாக்கிக்கு எதுக்கு நகை நட்டு?

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ஒரு வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்த ஒரு விஷயத்த இன்னைக்கு இறக்கி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். தலைப்பப் பாத்து "என்னடா, பொட்டி தட்டுற பய திடீர்னு துப்பாக்கி கிப்பாக்கின்னு பேசுறான்"ன்னு பயந்துடாதீங்க. நான் அதே பழைய ஆள்தான். எலியப் பாத்தா இன்னமும் சேர் மேலதான் ஏறுவேன்.

மேட்டர் இதுதான். நான் இருக்கிறது டெக்சாஸ். ரெண்டரை வருஷம் முன்னாடி ஒரு செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்கினேன். பழைய சரக்கு, 450 டாலர். அடுத்த ஏழு மாசத்துல அதுக்கு மாட்டிவிட்ட சாமான் செட்டு மட்டும் 380 டாலர். கணக்கு போட்டுப் பாத்த தங்கமணி, "பொண்ணுக்கு ஆன அளவுக்குக் கிட்டத்தட்ட சீர் வரிசைக்கும் செலவு பண்ணிருக்கீங்க"ன்னாங்க. அன்னிக்கு சிரிச்சேன். போன செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு அப்புறம் அத நெனச்சா சிரிப்பு வரல. ஏன்னு கீழ சொல்றேன்.

என் கட்சிய மொதல்லயே சொல்லிடுறேன். இந்த மாதிரி துப்பாக்கிக்கு பராமரிப்புதான் சோறு, மத்ததெல்லாம் ஊறுகாய். ஊறுகாய மட்டும் தட்டு நிறைய போட்டுத் தின்னா என்ன ஆகும்? அதுதான் ஆச்சு எனக்கு.

அதுக்கு முன்னாடி, "எச்1பி விசாவுல இருக்கிறவன் துப்பாக்கி வச்சுக்கலாமா?"ன்னு பின்னூட்டத்துல கண்டிப்பா கேப்பீங்க. பொதுவா கூடாது. அமெரிக்க மத்திய சட்டப்படி குடியேற்றம் இல்லாத விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வாங்கவும் வச்சிருக்கவும் தடை. ஆனா ஒரு விதிவிலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா வச்சுக்கலாம். டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓட காலாவதி ஆகிடும். புதுப்பிக்க மறந்தா வீட்டு அலமாரில இருக்கிற துப்பாக்கியே குத்தமாயிடும். அதோட 1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பொறந்தவங்க இங்க வேட்டைக்குப் போகணும்னா வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிச்சிருக்கணும். நானும் படிச்சு பாஸ் பண்ணினேன். நல்ல மார்க்குதான். இஞ்சினியரிங் படிச்ச நமக்கு பரிட்சை பாஸ் பண்றதா கஷ்டம்? அதுக்கு அப்புறம் நடக்குறதுதானே கஷ்டம்.

என்ன இழுத்துவிட்டது எங்க டீம்ல இருக்கிற பெருசு. வயசு அறுபத தாண்டிடுச்சு. மெயின்ஃப்ரேம் காலத்து ஆளு. ஒரு சனிக்கிழமை களிமண் தட்டு சுடுற எடத்துக்கு கூட்டிட்டுப் போனார். (பேருதான் களிமண். உண்மையில தார்ப்பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் சேத்து செஞ்ச 108 மில்லிமீட்டர் தட்டு.) ஒரு ஸ்கீட் ரவுண்டுக்கு 25 தட்டு. நான் ஒடச்சது மூணு. அந்த மூணாவது தட்டு வானத்துல கருப்புப் பொடியா சிதறினப்போ உள்ள ஏதோ ஒண்ணு 'க்ளிக்' ஆச்சு பாருங்க, அவ்ளோதான், மாட்டிக்கிட்டேன்.

இது எப்படி வேலை செய்யுது?

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. ஷாட்கன்ல ஒரே குண்டு வராது, சின்னச் சின்ன ரவைகள் கொத்தா வரும். 12 கேஜ்னா ஒரு பவுண்டு ஈயத்த 12 சம உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை எவ்ளோ பெருசோ அவ்ளோ பெரிய வாய். செமி ஆட்டோமேட்டிக்னா ஒவ்வொரு தடவை விசைய அழுத்தும்போதும் ஒரே ஒரு வெடி. ஆனா காலி தோட்டாவ வெளிய தள்ளி அடுத்தத ஏத்துற வேலைய துப்பாக்கியே பாத்துக்கும். அதுக்கான சக்திய எங்கேருந்து எடுக்குதுங்கறதுலதான் ஒவ்வொரு வகைக்கும் வித்தியாசம்.

மொத ஆளு ஜான் மோசஸ் பிரௌனிங். அவரோட ஆட்டோ-5 தான் பரவலா வித்த முதல் செமி ஆட்டோ ஷாட்கன். அத எடுத்துக்கிட்டு ரெமிங்டன் கம்பெனிக்குப் போயிருக்கார். தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லிய பாக்கக் காத்திருந்தப்ப அந்த மனுஷன் மாரடைப்புல இறந்துட்டார், 1902 ஜனவரில. பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியம் போயி எஃப்.என். கம்பெனிகிட்ட குடுத்தார். அங்கேருந்து வந்த மாடல் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, 1998 வரைக்கும் ஓடுச்சு. வெடிச்சதும் குழலும் போல்ட்டும் சேந்தே பின்னால நகரும். அதுக்குள்ள உராய்வு வளையங்கள் இருக்கும். லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி அடுக்கணும், கனமான தோட்டாவுக்கு வேற மாதிரி அடுக்கணும். மாத்தி அடுக்கினா, ஒண்ணு அடுத்த தோட்டா ஏறாது, இல்லன்னா கனமா அடிச்சு அடிச்சு முன்கட்டை விரிசல் விடும். நம்ம பாஷைல சொன்னா 1902-லயே கான்ஃபிக் ஃபைல்! அத தப்பா எழுதினா சர்வர் படுத்துடும்.

ரெண்டாவது வகை கேஸ். குழல்ல சின்ன ஓட்டைகள் வழியா வெடிச்ச வாயுவுல கொஞ்சத்த திருடி ஒரு பிஸ்டன தள்ளும், பிஸ்டன் போல்ட்ட தள்ளும். 1963-ல வந்த ரெமிங்டன் 1100 இதுல ரொம்பப் பிரபலம். தோள்ல ஒதை கம்மி. ஆனா வாயுவோட கரியும் வரும். பிஸ்டன், மேகசின் குழாய், அந்த சின்ன ஓட்டை எல்லாத்துலயும் கரி அப்பிக்கும். நம்ம ஊரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வ பின் போட்டுக் குத்தின ஞாபகம் இருக்கா? அதே கதைதான்.

மூணாவது இனெர்ஷியா, அதாவது நிலைமம். 1967-ல இத்தாலில ஆரம்பிச்ச பெனெல்லி கம்பெனி பேர் வாங்கினது இதுலதான், வடிவமைச்சவர் புரூனோ சிவோலானி. பஸ்ஸு டபக்குனு கெளம்பும்போது கம்பியப் பிடிக்காம நிக்கிறவர் நின்ன எடத்துலயே நிக்கப் பாத்து பின்னால சாய்வார்ல? அதேதான். வெடிச்சதும் துப்பாக்கி முழுசும் பின்னால ஓடும். உள்ள இருக்கிற கனமான போல்ட் கேரியர் மட்டும் நின்ன எடத்துலயே நிக்கப் பாக்கும். நடுவுல இருக்கிற ஸ்பிரிங் நசுங்கும். அது விரியுற வேகத்துல பூட்டு திறந்து மத்த வேலையெல்லாம் நடக்கும். உள்ள வாயு போறதில்ல, அதனால கரி கம்மி.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, மூணு வகையும் ஒரு தராசுதான். தோட்டாவோட பலம், நகர்ற பாகங்களோட எடை, ஸ்பிரிங்கோட இறுக்கம், உராய்வு, இந்த நாலையும் வச்சு கம்பெனிக்காரன் கணக்கு பாத்து நிறுத்தின தராசு. நாம கடைல வாங்கி மாட்டுற ஒவ்வொரு சாமானும் அந்தத் தட்டுல வைக்கிற ஒரு எடக்கல்லு. அத நெனக்காமத்தான் நானும் வச்சேன்.

நான் செஞ்ச அலங்காரம்

என்னோடது ஒரு பழைய கேஸ் துப்பாக்கி. கம்பெனி பேர் வேண்டாம், அதுமேல ஒரு தப்பும் இல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோவா பாத்துத் தள்ளுவேன். ஒவ்வொருத்தரும் பத்து சாமான மாட்டி சினிமா வில்லன் மாதிரி நிப்பாங்க. நானும் ஆரம்பிச்சேன். மேகசின நீட்டுற குழாய். பக்கவாட்டுல ஆறு தோட்டா சொருகி வைக்கிற பட்டை. மேல ஒரு ரயில், அதுல ஒரு சிவப்புப் புள்ளி. கீழ ஒரு டார்ச். புறா சுடப் போறவனுக்கு டார்ச் எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல :-(

இதுல பெரிய காமெடி அந்த நீட்டுக் குழாய். புறா, வாத்து மாதிரி வலசைப் பறவைகளச் சுடும்போது துப்பாக்கில மொத்தம் மூணு தோட்டாவுக்கு மேல ஏறக்கூடாதுன்னு மத்திய விதி, 1935-லேருந்து. மேகசினுக்குள்ள ஒரு கட்டைய சொருகி ரெண்டுக்கு மேல போகாதபடி அடைக்கணும், துப்பாக்கியக் கழட்டாம அந்தக் கட்டைய எடுக்க முடியாதபடி இருக்கணும். ஆக நான் காசு குடுத்து குழாய நீட்டி, அப்புறம் காசு குடுத்து ஒரு நீளக் கட்டைய வாங்கி அடைச்சேன். பெரிய டேங்க் வாங்கி அதுல பாதிக்கு சிமெண்ட் பூசின மாதிரி.

இத்தன மாட்டினேனே, கரி துடைச்சேனா? குழல்ல மட்டும் ஒரு துணிய இழுத்துட்டு "சுத்தம்"னு மூடி வச்சேன். சாமான் வாங்குறதுல ஒரு கிக் இருக்கு, கரி துடைக்கிறதுல என்ன கிக் இருக்கு சொல்லுங்க? ஆபீஸ்லயும் அதே புத்திதான். புது ஃபீச்சர்னா ஓடி வருவோம், பழைய பக்க சரி பண்ணச் சொன்னா தலைவலின்னு லீவு போடுவோம்.

செப்டம்பர் 1

போன வருஷம் புறா சீசன் தொடங்குற நாள். மத்திய டெக்சாஸ்ல ஒரு சூரியகாந்தி வயல். பெருசு, அவரோட பேரன், நான். பேரனுக்கு பத்து வயசு. அவன்கிட்ட துப்பாக்கி கிடையாது. கவுத்துப்போட்ட பக்கெட் மேல உக்காந்து, விழுந்த புறாவ ஓடிப்போயி எடுத்துட்டு வர்றது அவன் வேலை. எனக்கு இடது பக்கம் நாலஞ்சு அடி தூரத்துல இருந்தான்.

ஏழு மணி இருக்கும். ரெண்டு புறா வந்துச்சு. சேஃப்டிய எடுத்தேன், சுட்டேன், தவறிப்போச்சு. ரெண்டாவது தடவை விசைய அழுத்தினா ஒண்ணும் நடக்கல. பாத்தா போல்ட் பாதில நிக்குது. உள்ள அடுத்த தோட்டா பாதி ஏறியிருக்கு.

இங்கதான் கவனிங்க. வகுப்புல படிச்சது எல்லாம் எனக்குத் தெரியும். என்ன சிக்கல் ஆனாலும் மொதல்ல வாய ஆள் இல்லாத திசைல வை, சேஃப்டிய போடு, அப்புறம் பாரு. பரிட்சைல கேட்டாங்க, சரியா எழுதினேன். ஆனா அந்த நிமிஷம் என் மண்டைல இருந்தது "ச்சே, எல்லாரும் பாக்குறாங்களே"ங்கற ஒரே ஒரு நெனப்புதான். பெருசுகிட்ட காட்டலாம்னு ஒடம்போட இடது பக்கம் திரும்பிக்கிட்டே போல்ட் கைப்பிடிய உள்ளங்கையால ஒரு தட்டு தட்டினேன்.

'டக்'. போல்ட் மூடிக்கிச்சு. தோட்டா ஏறிடுச்சு. சேஃப்டி எடுத்தபடியே இருக்கு. குழல் வாய் அந்தப் பையனோட முழங்காலுக்கு நேரா.

வெடிக்கல. விசைல விரல் இல்ல, அதனால வெடிக்கல. அவ்ளோதான். அதுக்கு மேல என் தெறமைன்னு சொல்லிக்க அதுல எதுவுமே இல்ல.

பெருசு கத்தல. ரெண்டே எட்டுல வந்து குழலப் புடிச்சு வானத்துப் பக்கமா தூக்கினார். சேஃப்டிய போட்டார். தோட்டா எல்லாத்தையும் எடுத்தார். துப்பாக்கிய என்கிட்ட திருப்பிக் குடுக்காம, "இன்னைக்கு போதும்"னு மட்டும் சொன்னார். பையனுக்கு ஒண்ணும் புரியல, "அந்தப் புறா எங்க விழுந்துச்சு?"ன்னு என்னக் கேட்டான். எனக்கு பதில் சொல்ல வாய் வரல. வீடு வந்து சேர்ற வரைக்கும் கை நடுங்குச்சு. தங்கமணிகிட்ட மூணு நாள் கழிச்சுதான் சொன்னேன். அவங்க ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

கராஜ் பாடம்

அடுத்த ஞாயித்துக்கிழமை பெருசு கூப்பிட்டார். கராஜ்ல ஒரு பழைய பாய், அதுமேல என் துப்பாக்கி. தோட்டா ஒண்ணுகூட அந்த அறைக்குள்ள இல்லன்னு என்னயே ரெண்டு தடவை பாக்க வச்சார். அப்புறம் ஒரு திருப்புளிய கைல குடுத்து, அந்த தோட்டாப் பட்டைய புடிச்சிருக்கிற ரெண்டு திருகாணியையும் அரைச் சுத்து தளத்தச் சொன்னார். தளத்தினேன். போல்ட்ட இழுத்து விட்டார். வெண்ணெய்ல கத்தி போன மாதிரி மூடுச்சு.

விஷயம் இதுதான். அந்தப் பட்டைய மாட்ட ஒரிஜினல் பின்ன எடுத்துட்டு நீளத் திருகாணிய உடம்புக்கு குறுக்கால போடுவாங்க. "ஆடக்கூடாது"ன்னு நான் முழு பலத்தையும் போட்டு முறுக்கினேன். உடம்பு ஒரு மயிரிழை நசுங்கி போல்ட்டப் புடிச்சிருக்கு. சுத்தமா இருந்திருந்தா அப்பவும் சமாளிச்சிருக்கலாம். ஆனா அவர் பின்கட்டையையும் கழட்டினார். பல மாடல்கள்ல போல்ட்ட முன்னால தள்ளுற ஸ்பிரிங், பின்கட்டைக்குள்ள ஒரு குழாய்ல இருக்கும். அங்கேருந்து வந்தது பழுப்பு நிறத்துல காஞ்ச பசை. பழைய எண்ணெயும் துருவும் சேந்த கசடு. வாங்கினப்பவே இருந்திருக்கும். நான் ஏழு மாசம் மினுக்கு வேலை பாத்தேனே தவிர அங்க ஒரு தடவைகூட எட்டிப் பாக்கல.

அன்னிக்கு அவர் காட்டின வேலைய அப்படியே எழுதுறேன், யாருக்காவது ஒதவும்:

1. வேல தொடங்குறதுக்கு முன்னாடி காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பாரு. மேகசின், சேம்பர் ரெண்டும். தோட்டா வேற அறைல இருக்கட்டும்.

2. கேஸ் துப்பாக்கின்னா பிஸ்டன், மேகசின் குழாயோட வெளிப்பக்கம், குழல்ல இருக்கிற வாயு ஓட்டை. கரி அங்கதான் உக்காரும். 1100 மாதிரி மாடல்கள்ல ஒரு ரப்பர் வளையம் இருக்கும், தேஞ்சோ கிழிஞ்சோ போனா துப்பாக்கி ஒழுங்கா அடுத்த தோட்டாவ ஏத்தாது. அற்ப விலை. பைல ரெண்டு எப்பவும் இருக்கட்டும்.

3. சேம்பரத் தனியா தேய். குழலத் துடைச்சா சேம்பரும் துடைச்சாச்சுன்னு நெனைக்காத. அங்க பிளாஸ்டிக் படியும், ஈரம்பட்டா துரு வரும், காலி தோட்டா ஒட்டிக்கிட்டு வர மறுக்கும்.

4. எண்ணெய் கம்மி. இதுல நம்ம ஆளுங்க எல்லாரும் தப்பு பண்ணுவோம். தலைக்கு வைக்கிற மாதிரி வச்சா கரியும் தூசியும் அதுல ஒட்டி சேறாகும், குளிர்ல கெட்டியாகும். உரசுற எடத்துல ஒரு மெல்லிய பூச்சு போதும்.

5. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பின்கட்டை ஸ்பிரிங். மழைலயோ சேத்துலயோ போயிட்டு வந்தா அப்பவே.

6. வெடிச் சத்தம் சப்புன்னு கேட்டா அடுத்தத சுடாத. இறக்கி, காலி பண்ணி, குழல்ல எதுவும் அடைச்சிருக்கான்னு பாரு. 20 கேஜ் தோட்டாவ ஏன் மஞ்சளா செய்றாங்க தெரியுமா? தெரியாம 12 கேஜ்ல போட்டா வழுக்கி உள்ள போயி குழல்ல நிக்கும். பின்னாடி 12 கேஜ் தோட்டாவப் போட்டு சுட்டா குழல் வெடிச்சிடும். ஒரு கலருக்குப் பின்னாடி எத்தன பேரோட வெரல் போயிருக்கோ.

மொத்தம் நாப்பது நிமிஷம். கடைசில சேஃப்டி ஒழுங்கா வேலை செய்யுதான்னு காலித் துப்பாக்கில பாத்துட்டு என் கைல குடுத்தார்.

அப்ப எதையுமே மாத்தக் கூடாதா?

மாத்தலாம். நான் அவ்ளோ மடிசஞ்சி இல்ல. மூணு வகைத் துப்பாக்கியோட ஓடுற போட்டி நடத்துறாங்கல்ல, அதுல சுடுறவங்க தோட்டா போடுற வாயைப் பெருசு பண்ணிப்பாங்க, போல்ட் பொத்தானப் பெருசா மாத்துவாங்க. அவங்க வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுட்டு, எங்க நேரம் போகுதுன்னு அளந்துட்டுதான் மாத்துறாங்க. ப்ரொஃபைல் எடுத்துட்டு கோட திருத்துற மாதிரி. நாம அளக்காமயே திருத்துறோம். அங்கதான் தப்பு.

என் கணக்குல காசு குடுக்கத் தகுந்த சாமான் மூணே மூணு.

மொதல்ல காதுக்கும் கண்ணுக்கும். ஷாட்கன் சத்தம் 140 டெசிபலுக்கு மேல. போன கேள்வி திரும்ப வராது. நல்ல காதடைப்பான் வாங்கிட்டு மிச்சக் காசுக்கு மத்தத யோசிங்க.

ரெண்டாவது, அளவு. ஷாட்கன குறி பாத்து சுடுறதவிட கண்ணும் தோளும் கன்னமும் ஒண்ணா சேந்து காட்டுற எடத்துல சுடுறதுதான். பின்கட்டை நீளமோ சாய்வோ ஒடம்புக்குப் பொருந்தலன்னா எந்த சிவப்புப் புள்ளியும் காப்பாத்தாது. பல இத்தாலி கம்பெனிகள் சாய்வ மாத்துற தகடுகள பெட்டியோடயே குடுக்குறாங்க. முக்காவாசிப் பேர் அதப் பிரிக்கிறதே இல்ல. அடுத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டு பட்டன மாத்துற கதை.

மூணாவது, சோக். குழல் நுனிய கொஞ்சம் குறுக்கி ரவை பரவுறதக் கட்டுப்படுத்துற சின்னக் குழாய். ஒரு அங்குலத்துல நூத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்குதான் வித்தியாசம், ஆனா பலன் கண்ணால பாக்கலாம். ஒரு பெரிய காகிதத்த ஒட்டி சுட்டுப் பாத்தா போதும், எத நம்பலாம்னு அதுவே சொல்லும். ஒரு எச்சரிக்கை: 1991-லேருந்து அமெரிக்கா முழுக்க வாத்து வேட்டைக்கு ஈய ரவை தடை, அதனால இரும்பு ரவைதான் அதிகம். இரும்பு ஈயம் மாதிரி நசுங்காது. தாத்தா காலத்துக் குழல்லயும் ரொம்ப இறுக்கமான சோக்லயும் அதப் போடாதீங்க.

மத்தபடி கனமா எதையாவது தொங்கவிடுறதுக்கு முன்னாடி அந்த பஸ் உதாரணத்த நெனச்சுப் பாருங்க. இனெர்ஷியா துப்பாக்கில எடை கூடக்கூட துப்பாக்கி மெதுவா பின்னால போகும், ஸ்பிரிங் பத்தாம நசுங்கும், லேசான தோட்டா போட்டா அடுத்தது ஏறாது. டார்ச்சும் பட்டையும் மாட்டிட்டு "துப்பாக்கி சரியில்ல"ன்னு கம்பெனிக்காரனத் திட்டுறது, ஆட்டோல பதினஞ்சு பேர ஏத்திட்டு இஞ்சினத் திட்டுற மாதிரி.

தொடவே கூடாதது ரெண்டு. விசைக்குள்ள இருக்கிற பாகங்கள வீட்டுல உக்காந்து தேய்க்காதீங்க. "மெத்துன்னு இருக்கணும்"னு தேய்ச்சு, கீழ விழுந்தாலே வெடிக்கிற மாதிரி ஆக்கிடுவோம். அதுக்குன்னு படிச்ச துப்பாக்கி மெக்கானிக் இருக்கார், குடுங்க. ரெண்டாவது, சட்டம் தெரியாம எதையும் வெட்டவும் மாட்டவும் கூடாது. 18 அங்குலத்துக்கு கம்மியான குழல் 1934-ஆம் வருஷ சட்டத்துக்குள்ள போயிடும். முன்கூட்டி அனுமதி வாங்கிப் பதிவு பண்ணாம செஞ்சா ஜெயில். இறக்குமதி செமி ஆட்டோவுல சில மாத்தங்கள் பண்ணினா அதுல எத்தன வெளிநாட்டு பாகம் மிச்சம் இருக்கலாம்னுகூட ஒரு எண்ணிக்கை விதி உண்டு. விசாவுல இருக்கிற நமக்கு இதெல்லாம் விளையாட்டு இல்ல, சாமி.

கடைசியா

இந்த சாமான் சந்தை விக்கிறது ரெண்டே சரக்குதான்னு தோணுது. ஒண்ணு பயம், இன்னொண்ணு பெருமை. "ராத்திரி யாராவது வந்தா?"ன்னு பயமுறுத்தி டார்ச்ச விக்கும். "மத்தவன் பாத்து அசரணும்ல?"ன்னு பட்டைய விக்கும். என்ன வாங்க வச்சது பெருமைதான். அதே பெருமைதான் அன்னிக்கு வயல்ல என்னத் திரும்ப வச்சது. சாமான் மாட்டினதும் நான்தான், வாயத் திருப்பினதும் நான்தான். திருகாணி மேல பழியப் போட்டுட்டு தப்பிச்சிட முடியாது. ஆனா கையால துடைக்கிற பழக்கம் இருந்திருந்தா அந்தத் துப்பாக்கிக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா போல்ட் நின்னப்ப பதறியிருக்க மாட்டேன். பராமரிப்போட பெரிய லாபம் இதுன்னுதான் இப்ப நெனைக்கிறேன். சுத்தமாகுறது துப்பாக்கி, நிதானமாகுறது நாம.

பட்டை, ரயில், டார்ச், நீட்டுக் குழாய் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டில கெடக்கு. துப்பாக்கி இரும்புப் பெட்டில பூட்டி, தோட்டா தனியா பூட்டி, ரெண்டு சாவியும் தங்கமணிகிட்ட. அது அவங்க போட்ட கண்டிஷன். எனக்கும் சம்மதம்.

இந்த வருஷம் பெருசு மறுபடி கூப்பிடுவார்னு நான் எதிர்பாக்கல. கூப்பிட்டார். நான் அந்தப் பையனோட அப்பா அம்மாகிட்ட போன வருஷம் நடந்தத முழுசா சொல்லிட்டுதான் வருவேன்னு சொன்னேன். "நான் அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டேன். நீ சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்"னார். ஆனாலும் நானே போயி சொன்னேன். அந்த அம்மா ரொம்ப நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம் "அவன் உங்க பக்கத்துல உக்கார வேண்டாம்"னாங்க. நியாயம்தானே. இந்த செப்டம்பர் 1 அவன் தாத்தாவுக்கு அந்தப் பக்கம் உக்காந்தான். நான் தனியா வேலி ஓரமா நின்னேன். நாலு புறா கெடச்சுது. ஒரு தடவைகூட சிக்கல.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்ல. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாங்குறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.

டிஸ்கி 2: "புறாவக் கொல்றியே பாவி"ன்னு திட்ட வர்றவங்களுக்கு: திட்டலாம். எங்க வீட்டுலயே ஒரு பாதி உங்க கட்சிதான். சமைக்கவும் மாட்டேன்னுட்டாங்க. நாலையும் நானேதான் உரிச்சு மிளகு போட்டு வறுத்தேன் :-)